வைஃபை இணைகிறது, நெட் மட்டும் வரவில்லை: கணினியை ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பிறந்தது கம்பம், வாக்கப்பட்டது மலைமேல். வயது 41. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கும் மூன்று கடைகளுக்கும் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறார். கம்பம், கூடலூரிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி வரும் ஆட்களின் கூலிப் பதிவேடு, போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்குப் போன ஏலக்காய்ப் பட்டியல், மாதாமாதம் ஜிஎஸ்டி என்று எல்லாமே ஒரு மேசைக் கணினியில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கின்றன. அந்தக் கணினியில் 12 நாளாக இணையம் இல்லை.

நடந்ததை அவர் வரிசையாகவே எழுதியிருக்கிறார். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் இடி விழுந்து ஃபைபர் ரௌட்டர் எரிந்துபோனது. மூன்றாம் நாள் கம்பெனி ஆள் வந்து வேறு ரௌட்டர் மாட்டி, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் உள்ள போன்கள் தாமாகவே இணைந்துகொண்டன, நெட்டும் வருகிறது. கணினியும் இணைகிறது. ஆனால் வைஃபை பெயருக்குக் கீழே ‘நோ இன்டர்நெட், செக்யூர்டு’ என்று நிற்கிறது. கணினியின் லேன் போர்ட் முன்பே ஒரு இடியில் செத்துப்போனதால் யுஎஸ்பி வைஃபை ஸ்டிக் ஒன்றைத்தான் இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறார். போனிலிருந்து கொடுத்தால் பிரின்டரும் அதே நாளிலிருந்து வைஃபையில் அச்சடிக்கவில்லை. போனை கேபிளால் கணினியோடு கட்டி, போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் போட்டால் மட்டும் எல்லா தளமும் திறக்கின்றன. இதற்கு நடுவே, காலையில் கணினியைப் போட்டால் தேதி 2018 என்று காட்டுகிறது. தினமும் கையால் மாற்றிக்கொள்கிறார்.

ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எல்லையில் கேரளா டவரும் தமிழ்நாடு டவரும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்கிறார் வீட்டுக்காரர். வைரஸ் என்கிறான் அக்கா மகன். ‘விண்டோஸ் 10 காலம் முடிஞ்சிருச்சு, அதான் நெட் கட். ஃபார்மட் போடணும், இல்ல புது சிபியு வாங்கணும்’ என்கிறது கம்பத்தில் இருக்கும் கடை. ‘ஜிஎஸ்டி போட வேண்டிய 20ஆம் தேதி நெருங்குது சார். ஃபார்மட் போட்டா கணக்கெல்லாம் போயிருமோன்னு ராத்திரி தூக்கம் வரல. இந்த 12 நாளுக்கு நெட் வாடகையைத் திருப்பிக் கேக்கலாமா? கடை தமிழ்நாட்டுல, நான் கேரளாவுல, ஏதாவது ஆச்சுன்னா எங்க போய்ச் சொல்றது?’ என்று முடிக்கிறார். அக்கா மகன் சொல்லச் சொல்லக் கணினித் திரையிலும் தன் போனிலும் பார்த்துக் குறித்த சில எண்களையும் ஒரு தாளில் எழுதிப் படம் அனுப்பியிருக்கிறார்.

சகோதரி,

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபார்மட், அதாவது டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது, வேண்டாம். புதுக் கணினியும் வேண்டாம். உங்கள் கணக்குகளுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய அந்தத் தாளிலேயே கோளாறு இருக்கிறது, நான்கு எண்களுக்குள். சரிசெய்ய ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். பத்து நிமிடம் போதும். ஆனாலும் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். அடுத்த ஐப்பசியிலும் உங்கள் மலையில் இடி விழும், இன்னொரு ரௌட்டர் வரலாம். அன்றைக்கு நீங்களே பார்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

வைஃபை வேறு, இணையம் வேறு

கணினியிலிருந்து ரௌட்டர் வரை காற்றில் ஓடுவதுதான் வைஃபை. ரௌட்டரிலிருந்து வெளியுலகம் வரை போவது ஃபைபர். ‘கனெக்டட்’ என்று கணினி சொன்னால் முதல் பாதியின் வாசல் திறந்தது என்று மட்டுமே பொருள்: பாஸ்வேர்டு சரி, உள்ளே வரலாம். ‘செக்யூர்டு’ என்றால் அந்தப் பாதை பாஸ்வேர்டால் பூட்டப்பட்டது என்று பொருள். அதைப் பார்த்து யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தீர்கள், அப்படி இல்லை.

‘நோ இன்டர்நெட்’ என்று விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணைந்தவுடன் அது மைக்ரோசாஃப்டின் ஒரு தளத்திலிருந்து மிகச் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றை எடுத்துப் பார்க்கும். அதில் ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அந்தச் சொற்கள் வந்து சேர்ந்தால் இணையம் உண்டு, சேராவிட்டால் இல்லை. எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்பது அந்த அறிவிப்புக்குத் தெரியாது. அதைப் பார்த்த மாத்திரத்தில் ஃபார்மட் என்று சொல்வது, காய்ச்சல் என்றதும் ஆபரேஷன் தேதி குறிப்பது போன்றது.

பாதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மெக்கானிக் வீட்டுக்கு வந்தால் செய்ய வேண்டிய முக்கியமான சோதனைகளை, சோதனை என்று தெரியாமலே செய்து முடித்திருக்கிறீர்கள்.

அதே வைஃபையில் போனில் நெட் வருகிறது. ஆகவே ஃபைபர் சரி, ரௌட்டர் சரி, கம்பெனி இணைப்பும் சரி. போனைக் கேபிளால் கட்டினால் கணினியில் எல்லாத் தளமும் திறக்கிறது. ஆகவே விண்டோஸும் பிரவுசரும் சரி. நெட்டை அடைக்கும் வைரஸ் இருந்தால் அது டெதரிங்கையும் சேர்த்துத்தான் அடைத்திருக்கும். மிச்சம் இருப்பது யுஎஸ்பி ஸ்டிக்குக்கும் ரௌட்டருக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு துண்டு மட்டும்தான். பிரின்டரும் அதே நாளில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய துப்பு. வைரஸ் இரண்டையும் தாக்கிவிட்டது என்று அக்கா மகன் அதை எடுத்துக்கொண்டான். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: அன்றைக்கு மாறியது கணினி இல்லை, வீட்டில் இருக்கும் வேறு ஏதோ. மாறியது ரௌட்டர்.

விண்டோஸ் 10 பற்றிக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பொருள், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதே. இணையத்தை யாரும் துண்டிக்கவில்லை. உங்கள் கணினியே டெதரிங்கில் ஓடுவது அதற்குச் சாட்சி. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குள் போனால் அதில் சேரலாம். பிறருடைய கணக்கை வைத்திருப்பவர் என்பதால் நெட் வந்ததும் அதைச் செய்துவிடுங்கள். கணினியை மாற்றுவதா என்பதைப் பிறகு நிதானமாக யோசிக்கலாம், இந்தப் பதற்றத்தில் வேண்டாம்.

வீட்டுக்காரர் சொல்லும் டவர் மோதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. செக்போஸ்ட் பக்கத்தில் போன் சில நேரம் கேரளாவையும் சில நேரம் தமிழ்நாட்டையும் பிடிப்பது உண்மைதான். அவர் தினமும் பார்ப்பதால் அப்படி நினைத்திருப்பார். அது சிம்கார்டு சமாச்சாரம். உங்கள் வைஃபை வீட்டுக்குள் வரும் ஃபைபரிலிருந்து வருகிறது, டவரைத் தொடுவதே இல்லை.

பழைய விலாசத்தில் குடியிருக்கும் கணினி

இனி அந்தத் தாளுக்கு வருவோம். கணினியில் ஐபிவி4 முகவரி 192.168.0.25, கேட்வே 192.168.0.1 என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் போனில் முகவரி 192.168.1.7, கேட்வே 192.168.1.1. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து மூன்றாவது எண்ணைப் பாருங்கள். கணினியில் 0, போனில் 1.

வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். சாதாரணமாக அதைக் கொடுப்பது ரௌட்டர். கருவி உள்ளே வந்ததும் ‘எனக்கு ஒரு எண் கொடு’ என்று கேட்கும், ரௌட்டர் ஒன்றைக் கொடுத்து, ‘வெளியே போக வேண்டுமானால் இந்தக் கேட்வே வழியாகப் போ’ என்றும் சொல்லிவிடும். இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். உங்கள் போன்கள் எல்லாம் இப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டவை. புது ரௌட்டர் 1-வரிசையில் எண் கொடுக்கிறது, வாங்கிக்கொண்டு போய்விட்டன.

கணினி அப்படிக் கேட்கவில்லை. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன வருடம் பிரின்டர் மாட்ட வந்த தம்பி ‘ஏதோ நம்பர் போட்டுக் கொடுத்தார், அதுக்கப்புறம் பிரின்ட் நல்லா வந்துச்சு’ என்று. அவர் செய்தது தவறில்லை. பிரின்டரும் கணினியும் ஒன்றையொன்று தொலைக்காமல் இருக்க இரண்டுக்கும் மாறாத எண்ணைக் கையால் போட்டுவிட்டார். பழைய ரௌட்டர் 0-வரிசையில் இருந்தவரை அது ஒழுங்காக வேலை செய்தது. இடி விழுந்து புது ரௌட்டர் வந்தபோது வீட்டின் தெருவே மாறிவிட்டது. கணினியோ இன்னும் பழைய தெருவின் விலாசத்தை வைத்துக்கொண்டு, இல்லாத 192.168.0.1 என்ற வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது. பிரின்டரும் அப்படியே.

கம்பெனி ஆள் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் போட்டது உங்கள் வசதிக்காகத்தான். ஆனால் அதனாலேயே ரௌட்டர் மாறியதைக் கணினி கவனிக்கவில்லை, பார்த்தவர்களும் யோசிக்கவில்லை. பெயர் மாறியிருந்தால் ‘புது வைஃபையில் ஏதோ சிக்கல்’ என்று யாராவது உடனே கேட்டிருப்பார்கள்.

இன்று சாயங்காலம் செய்ய வேண்டியது

தொடங்குமுன் இப்போதிருக்கும் எண்களை இன்னொரு முறை தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுவது பிடிக்காவிட்டால் திரும்பப் போட அது போதும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

விசைப்பலகையில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சிறு பெட்டி வரும். அதில் என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அடியுங்கள். நெட்வொர்க் கருவிகளின் பட்டியல் திறக்கும். அதில் வைஃபை என்றிருப்பதன்மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்டீஸ்’ போங்கள். வரும் பட்டியலில் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’ என்ற வரியை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். அங்கே 192.168.0.25 உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். மேலே உள்ள ‘ஆப்டெய்ன் அன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே டிஎன்எஸ்ஸுக்கும் அதேபோல ஆட்டோமேட்டிக். பலர் மேலே மாற்றிவிட்டுக் கீழே விட்டுவிடுவார்கள், இரண்டையும் மாற்ற வேண்டும். ஓகே, மறுபடி ஓகே. பிறகு வைஃபையை ஒருமுறை துண்டித்து இணையுங்கள்.

இதிலேயே நெட் வந்துவிடும் என்று நம்புகிறேன். வராவிட்டால் கலங்க வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, படிப்படியாக எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஐபிவி4 வரியில் 192.168.1 என்று தொடங்கும் எண் இருந்தால் ரௌட்டர் முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் கணினி கேட்டும் ரௌட்டர் கொடுக்கவில்லை, அதனால் கணினி தானாகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்படியானால் ரௌட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், ஸ்டிக்கைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். சிபியுவின் பின்பக்கத் துளையில் இருந்தால் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் சிக்னல் அடிபடும்.

அடுத்து பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி ஓர் இடம் விட்டு 192.168.1.1. ‘ரிப்ளை’ என்று நான்கு வரி வந்தால் கணினியும் ரௌட்டரும் பேசிக்கொள்கின்றன. பிறகு அதேபோல பிங் 8.8.8.8. இது கூகுள் நடத்தும் ஒரு பொதுச் சேவையின் எண். இதற்கும் பதில் வந்தால் வெளியுலகம் வரை பாதை திறந்திருக்கிறது. பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் மிச்சம் இருக்கும் சந்தேகம் டிஎன்எஸ் மட்டும்தான். தளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் பதிவேடு அது. அப்போது டிஎன்எஸ் கட்டத்தில் மட்டும் 8.8.8.8 என்றும் அதன் கீழே 1.1.1.1 என்றும் கையால் போடலாம். ஐபி முகவரியை ஆட்டோமேட்டிக்கிலேயே விடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கடைசி வழி, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் அடியில் இருக்கும் ‘நெட்வொர்க் ரீசெட்’. அது நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் புதிதாக்கும், உங்கள் கோப்புகளைத் தொடாது. வைஃபை பாஸ்வேர்டை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கணினி அதை மறந்துவிடும்.

பிரின்டருக்கு: அதன் நெட்வொர்க் மெனுவிலும் முகவரியை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பிறகு கணினியில் பழைய பிரின்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துவிடுங்கள். மாறாத எண் வேண்டுமென்றால் அதைக் கணினியிலோ பிரின்டரிலோ எழுதாமல் ரௌட்டரில் எழுத வேண்டும். போன் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் ரௌட்டரின் பக்கம் திறக்கும். அதில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடம் இருக்கும். பிரின்டர் மாட்ட வந்த அதே தம்பியை இதற்குக் கூப்பிடலாம், அவருக்குப் புரியும். ரௌட்டரையே 0-வரிசைக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனி ஆளிடம் கேட்பது இன்னொரு வழி. கணினியையும் பிரின்டரையும் தொடாமலே எல்லாம் ஓடும். ஆனால் அடுத்த ரௌட்டர் வரும்போது இதே கதை திரும்பும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

20ஆம் தேதிக்கு இன்னொரு காப்பும் சொல்லி வைக்கிறேன். போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் வைஃபையில் வரும் நெட்டைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கடத்திக் கொடுக்கும். போனே உங்களுக்கு ஒரு வைஃபை ஸ்டிக் ஆகிவிடும், டேட்டாவும் தீராது. 32 என்று தொடங்கும் கேரள ஜிஎஸ்டி எண்களுக்கும் 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்களுக்கும் சேர்த்து எழுதுகிறீர்கள். தாமதமானால் ரிட்டர்ன் ஒன்றுக்கு நாளைக்கு 50 ரூபாய், வரி ஏதும் இல்லாத ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். யாருடைய தலையிலும் அது விழ வேண்டியதில்லை.

2018-க்குத் திரும்பும் கடிகாரம்

இது தனிக் கோளாறு, வைரஸும் இல்லை. இரவில் சுவிட்ச் போர்டையே அணைத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது நேரத்தை நினைவில் வைப்பது மதர்போர்டில் உள்ள ஒரு காசளவு பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். அது தீர்ந்ததால் கணினி ஒவ்வொரு காலையும் தன் பழைய தேதிக்குப் போய்விடுகிறது.

தேதியைச் சரிசெய்ய மறந்த அன்று நெட் இருந்தும் தளங்கள் திறக்காது என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பான ஒவ்வொரு தளத்துக்கும் இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2018-ல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உடனே ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் தடுத்துவிடும். அந்தச் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துத்தான் அக்கா மகன் வைரஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். பேட்டரியை மாற்றியதும் அதுவும் நிற்கும். மாற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

ஃபார்மட் பற்றி

தொழிலுக்கு வந்த புதிதில் நான் வேலை பார்த்த இடத்தில், நெட் வரவில்லை என்று ஒரு அரவை மில்காரர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபார்மட் போட்டேன். மில்லில் கொண்டுபோய் மாட்டினால் அப்போதும் நெட் வரவில்லை. கோளாறு ரௌட்டரில் இருந்தது. அவர் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பாக்கிக் கணக்கு அதற்குள் போய்விட்டது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் வீடு வீடாகப் போய் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து காரணம் தெரியாமல் நான் எந்தக் கணினியையும் ஃபார்மட் செய்ததில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கும் அவர்தான் காரணம்.

ஃபார்மட் என்றால் சி டிரைவ்தானே, என் கணக்கு வேறு இடத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் வைப்பதும் டாக்குமென்ட்ஸில் வைப்பதும் சி டிரைவில்தான். டேலியின் தரவுக் கோப்புறையும், யாரும் மாற்றாதவரை, அங்கேயேதான் இருக்கும். டேலி உரிமமும் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. ஃபார்மட்டுக்கு முன் அதை முறைப்படி சரண்டர் செய்ய வேண்டும்.

எந்தக் காலத்திலாவது சிபியுவைக் கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் டேலியில் பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில், முடிந்தால் இரண்டில், வீட்டில் வைத்துக்கொண்டு கொடுங்கள். உண்மையில் அதை இன்றைக்கே செய்யலாம், அதற்கு இணையம் தேவையில்லை. விவசாயிகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை டெஸ்க்டாப்பில் ஒரே கோப்பில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அம்மா, அதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதுகூட அதைவிட நல்லது. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது அது.

வாடகை, புகார், எல்லை

இந்த 12 நாளுக்கு வாடகையைத் திருப்பிக் கேட்க உங்கள் பக்கம் வலு குறைவு. போன்களில் நெட் வந்திருக்கிறது, அதாவது கம்பெனி சேவை கொடுத்திருக்கிறது. ரௌட்டர் எரிந்து கிடந்த முதல் மூன்று நாளுக்குக் கேட்கலாம், கேளுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் சொல்லும்போது ‘டாக்கெட் நம்பர்’ என்ற புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதைத் தருவது அவர்கள் கடமை. பதிலில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். புது ரௌட்டருக்குப் பணம் வாங்கியிருந்தால் ரசீது கேளுங்கள், அது முன்பணமா விலையா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கம்பத்துக் கடையோடு இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சோதனைக்கென்று கொடுத்த 300 ரூபாயைப் பற்றி நேரில் போய்ப் பேசுங்கள். மலையிறங்கி வாங்கப்போகும் கடை, நாளைக்கும் வேண்டும். அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஃபார்மட் போட்டால் அந்தக் கைமுறை எண்ணும் அழிந்து நெட் வந்திருக்கும், அதனால் அது சரியான வைத்தியம் என்றே அவருக்குப் பட்டிருக்கும். ஆனால் என்றைக்காவது புகார் என்று வந்தால் எல்லை உங்களுக்குத் தடையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தேனிக்கு அலைய வேண்டியதில்லை, இடுக்கியே போதும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நெட்டில் தேடி எடுத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்குப் பேசியபோது எதிர்முனையில் ஒருவர் எனிடெஸ்க்கைப் போனில் ஏற்றச் சொன்னதாகவும், நீங்கள் உடனே துண்டித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மிகச் சரியாகச் செய்தீர்கள். திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவைக்கும் அந்தச் செயலி நல்ல வேலைக்கும் பயன்படுவதுதான். முகம் தெரியாதவர் கேட்டு ஏற்றினால் உங்கள் வங்கி ஓடிபியும் அவர் கண்ணுக்குத் தெரியும். கம்பெனி எண் வேண்டுமென்றால் பில்லில் அச்சடித்ததை மட்டும் நம்புங்கள். அந்த அழைப்புக்குப் பிறகு கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போயிருந்தாலும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இப்போது பேக்கப், பிறகு அந்த இரண்டு ஆட்டோமேட்டிக், பிறகு பிரின்டர். இந்த வரிசையில் செய்யுங்கள். செய்து முடித்ததும் ஐபிவி4 வரியில் என்ன எண் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். 192.168.1 வந்தும் நெட் வரவில்லை என்றால் இரண்டு பிங் சோதனைகளின் திரையையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். 20ஆம் தேதிக்கு முன் உங்களுக்குப் பதில் எழுதுவேன்.